என் பெயரில் கிடந்தவன்

மச்சாள்,

வருசப் பிறப்புக்கு மகள் எனக்கு ஒரு புதுச் சாரன் வாங்கி வந்திருக்கிறாள். காத்தான்குடிச் சாரன். மடிப்பைக் குலைக்காமல் மூக்கில் வைத்துப் பார்த்தேன். கஞ்சிப் பசையும் சாயமும் கலந்த அந்த வாசம் அப்படியே இருக்கிறது. இன்னும் மூட்டவில்லை. இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால்தான் உடுக்கலாம்.

"அப்பா, மெசின்ல அடிச்சுத் தரட்டா?" என்று கேட்டாள் மகள்.

"பொறு புள்ள, உன்ட பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டுத் தாறன்."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய், அதுதான் உன் தங்கச்சி, "அந்தாளுக்குப் புதுச் சாரன் வாசம் பட்டா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிற கடிதம் இது. நீ இருந்திருந்தால் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்திருப்பாய். நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது, இனிச் சுழிக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் எழுதத் துணிந்தேன்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது. முறைப்படி நான் உன்னைக் கட்ட வேண்டியவன். ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. நாமோ கண்ட இடத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். நான் உன்னைப் "பண்டிதர்" என்பேன், நீ என்னை "வேளாண்மை மாடு" என்பாய். நான் செத்துப்போன அந்த வருசம் வரைக்கும் நம் கதை அவ்வளவுதான்.

அந்த வருசம் நான் வவுணதீவுப் பக்கம் நெல் வேளாண்மை வெட்டப் போயிருந்தேன். வெட்டு முடிகிற நேரம் பார்த்துச் சண்டை தொடங்கியது. துறையில் தோணி ஓடவில்லை, பாலத்தால் ஆளை விடவில்லை. வாவிக்கு அந்தக் கரையான படுவான்கரையில், ஒரு வயல் வட்டை நடுவே இருந்த காவல் வாடிக்குள் நாங்கள் அவித்த நெல்லைத் தின்று தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தோம். ஊருக்குச் செய்தி சொல்ல ஒரு வழியும் இல்லை. இங்கே செட்டிபாளையத்தில் வாவிக்கரையில் ஒரு பிரேதம் வந்து ஒதுங்கியது. பலநாள் தண்ணீரில் கிடந்த உடம்பு. முகம் என்று ஒன்று இல்லை. இடுப்பில் பச்சை நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட சாரன் மட்டும் இருந்தது.

அம்மா அந்தச் சாரனைப் பார்த்தாள். வேறொன்றையும் பார்க்கவில்லை. அப்படியே மண்ணில் விழுந்தாள்.

அந்த வருசப் பிறப்புக்குக் காத்தான்குடி முஸ்லிம் நானா ஒருவர் சைக்கிளில் பொதி கட்டிக்கொண்டு வந்து விற்ற சாரன் அது. வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் பாதி ஆம்பிளைகள் அதைத்தான் உடுத்தித் திரிந்தோம். கோயிலில் நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே உடுப்பு. அது ஒருவருக்கும் அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. வீட்டுக்கு வராத மகன், கரைக்கு வந்த சாரன். அது போதுமாக இருந்தது.

உனக்கு மட்டும் போதவில்லை. ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்த பொடிச்சி நீ. ஆம்பிளைகளை விலக்கிக்கொண்டு போய், அந்தச் சாரனின் மூட்டைக் கையால் தடவிப் பார்த்தாயாம். என் அம்மாவின் தையல் பொடித் தையல், எறும்பு போகிற மாதிரி. அந்தச் சாரன் வலை நூலால், தடித்த தையலாக, இடைக்கிடை முடிச்சுப் போட்டு மூட்டியிருந்தது.

"மாமி, இது உங்கட தையல் இல்ல. இது மச்சான் இல்ல" என்று அம்மாவின் காதுக்குள் சொன்னாயாம்.

யாரோ ஒரு பெரியவர், "செத்த இடத்தில வந்து தையல் வகுப்பு நடத்துறாள் பாரு" என்றாராம். உன் அம்மா, அதுதான் என் மாமி, உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளாம். ஊரடங்குக்கு முன்னம் காரியம் முடிய வேண்டும் என்று அன்றைக்கே புதைத்துவிட்டார்கள். வெள்ளைச் சீலை சுற்றி, என் பேர் எழுதிய பலகையும் நட்டு. வாவியில் எறியப்போன சாரனை நீ வாங்கி, மூட்டிய துண்டை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போனாய். போனவள் என்ன செய்தாய்? செத்த வீட்டிலிருந்து வந்த சாமான் என்று சவர்க்காரம் போட்டு நன்றாகத் தோய்த்து, வேலியில் காயவும் போட்டாய்.

பிற்காலத்தில் கொழும்பில் உன் கீழே வேலை பழக வந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வாயாம். "என்ட முதல் கேஸ்லயே ஆதாரத்தைத் தோய்ச்சுக் காயப்போட்டவள் நான். அப்பிடிச் செய்யக்கூடா எண்டு படிக்கத்தான் இவ்வளவு வருசம் எடுத்தது."

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, செத்தவனுக்கு எட்டாம் நாள் படைக்கிற என் எட்டுச் செலவன்று. தோணி ஓடத் தொடங்கிய அன்றைக்கே கடந்து, மிச்சத் தூரம் நடந்து வந்தேன். பசி என்றால் அப்படிப் பசி. வாசலில் நிற்கும்போதே இறால் பொரியல் வாசம் அடிக்கிறது. உள்ளே வாழையிலையில் எனக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அம்மா அத்தனை கறி வைத்ததில்லை.

"ஆருக்கு இந்தப் படையல்?" என்று கேட்டேன்.

அம்மா மயங்கி விழுந்தாள். சித்தப்பா உலக்கையைத் தூக்கினார். "ஆவியெண்டாலும் பசிக்குது சித்தப்பா, அடிக்கிறதெண்டாச் சாப்பாட்ட தந்திட்டு அடிங்க" என்றேன். அதன் பிறகுதான் ஆட்கள் அழவும் சிரிக்கவும் தொடங்கினார்கள்.

நீ குசினியிலிருந்து வந்தாய். என் கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாய். தோல் கன்றிப்போனது. "ஆள் சரி" என்றாய். பிறகு எல்லாரும் கேட்கக்கூடியதாகக் கேட்டாய்.

"அப்ப அங்க படுத்திருக்கிறவன் ஆர் மச்சான்?"

அந்தப் பெரியவர்தான் மறுபடியும் வாய் திறந்தார். "அதக் கிளறாத புள்ள. ஆமி கேட்டாலும் கரைச்சல், இயக்கப் பொடியள் கேட்டாலும் கரைச்சல். நம்மட ஆள் வந்திட்டான், விடு." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாளில் ஒரு பிரேதத்தைப் பற்றிக் கேள்வி கேட்டவர் அடுத்த பிரேதமான கதைகள் இருந்தன.

பலகையைப் பிடுங்கலாம் என்று நான் போனேன். அம்மா விடவில்லை. "பேரில்லாமக் கிடப்பானா அந்தப் புள்ள? உன்ட பேரிலயே கிடக்கட்டும். உனக்கென்ன குறையப்போகுது?" என்றாள். அப்படியே விட்டோம். ஊரில் எனக்கு ஒரு வீடும் ஒரு குழியும் சொந்தமாக இருந்தன.

சில மாதம் கழித்து நீ டவுனுக்குப் போய், ஒரு இரசாயன ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு வந்தாய். நான் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கெண்டு ஒரு படிப்பு இரிக்காம் மச்சான். துணியையும் எலும்பையும் மண்ணையும் வச்சு ஆர் எவர் எண்டு சொல்ற படிப்பு."

"செத்தவனுக்குப் பேர் வைக்கிற படிப்பா?"

"ஓம்."

"பேர் வைக்கிறதுக்கு ஐயர் போதுமே கா, நீ ஏன்?"

நீ தார்ச் சட்டியை எட்டி உதைத்தாய். அன்றைக்கு நான் சொன்னதுதான் நிலைத்தது, கடைசி வரைக்கும் நம் வீட்டில் உன் உத்தியோகத்துக்குப் "பேர் வைக்கிற வேலை" என்றே பேர்.

ஆனால் அந்தப் படிப்பின் வாசலுக்குப் போகிற வழி இருக்கிறதே. நம் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். கலைப்பிரிவு மட்டும். விஞ்ஞானம் என்றால் டவுனுக்குப் போக வேண்டும். நீ டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நின்று படித்தாய். பஸ் ஓடுகிற கிழமை வீட்டுக்கு வருவாய், திரும்பிப் போகும்போது நான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன். வெட்டிப் படிக்கத் தேரை வேண்டும் என்பாய், வாய்க்காலில் பிடித்துத் தருவேன். ஒருமுறை தேரையை டிபன் கரியரில் போட்டுத் தந்தேன். செக்பொயின்டில் ஆமிக்காரன் ஏதோ சோறு என்று திறந்தான். தேரை அவன் தோளில் ஏறிவிட்டது. துவக்கைப் போட்டுவிட்டு ஓடினவன், அதன் பிறகு உன் பையை ஒரு நாளும் திறக்கவில்லை. தூரத்திலேயே கையைக் காட்டிப் போகச் சொல்வான்.

முதல் முறை ஏ.எல். சோதனை நடக்கும்போது ஷெல் அடி. இரண்டு பேப்பருக்கு உன்னால் போக முடியவில்லை. பெறுபேறு வந்த அன்று நீ சாப்பிடவில்லை. "விடு கா, அவன் என்ட பேரில நல்லாத்தான் கிடக்கிறான், வாடகையும் கேக்கல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். "அவன்ட அம்மா தேடுவா" என்று மட்டும் சொன்னாய். அடுத்த முறை மறுபடியும் எழுதினாய். பாஸ் பண்ணினாய், கெம்பஸில் பட்டப்படிப்புக்கு இடமும் கிடைத்தது. மாமி ஊர் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள், டொக்டராகப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு.

கெம்பஸில் படிப்பு முழுக்க இங்கிலீஸ். முதல் வருசம் யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல், நீயும் கொஞ்சம் பிந்திச் சிரித்துவைப்பாயாம். அறையில் கூட இருந்த சிங்களப் பிள்ளையிடம் சிங்களம் படித்தாய். கோர்ட்டில் சாட்சி சொல்ல அந்தப் பாஷை வேண்டும் என்று அப்போதே கணக்குப் போட்டிருக்கிறாய். இரசாயனத்தில் சிறப்புப் பட்டம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது, நம் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியர் நியமனம் உனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அங்கேதான் மாமி குறுக்கே நின்றாள். "ரீச்சர் வேல வாசல்ல வந்து நிக்குது. இவள் செத்தவன்ட சட்டைய மணக்கக் கொழும்புக்குப் போறாளாம். சாவுத் துடக்கோட திரியிறவள ஆர் கட்டுவான்? இந்த வீட்ட ஆருக்கெண்டு கட்டி வச்சனான்?"

மாமி சொன்னது சின்ன விசயம் இல்லை. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்தவள் கலியாணம் கட்ட, அந்த வீடு அவளுக்கு எழுதப்படும், மாப்பிள்ளை வந்து சேருவான். மாமி தென்னந்தோட்டத்தில் வந்த காசையெல்லாம் அந்தச் சுவரில் பூசியிருந்தாள்.

நீ ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. "வீட்டத் தங்கச்சிக்குக் குடுங்கம்மா. மாப்பிள்ளையும் தூர இல்ல, வேலிக்கு மேலால எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நிக்கிறார்."

வேலிக்கு அப்பால் நின்றது நான்தான். மனிசியும் வீடும் எனக்குக் கிடைத்தது இப்படித்தான். இப்போதும் இந்தக் கடிதத்தை உன் வீட்டு விறாந்தையில் இருந்துதான் எழுதுகிறேன். கூரைக்கு ஓடு மாற்றியிருக்கிறேன், கோபிக்காதே.

பொலிஸ் கேஸ் ஆதாரங்களைச் சோதிக்கிற அரசாங்க ஆய்வுகூடத்தின் நேர்முகத் தேர்வுக்கு உன்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். வழியில் ஒரு இடத்தில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். மட்டக்களப்பு அடையாள அட்டை என்றால் கேள்வியும் கூடும். "எதற்குக் கொழும்பு?" என்று பொலிஸ்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவ செத்த ஆக்கள்ட உடுப்புப் பார்க்கிற வேலைக்குப் போறா என்று சொன்னேன். அவர் உன் அட்டையை இரண்டு விரல் நுனியால் பிடித்துத் திருப்பித் தந்தார். நீ பஸ்ஸில் ஏறி, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாய். தேரைக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேலை கிடைத்தது. அங்கே போன பிறகுதான் படிப்பே தொடங்கியது என்றாய். இரத்தக் கறை, மயிர், நூல், மண், நஞ்சு என்று ஒவ்வொன்றாக வருசக்கணக்கில் பழகினாய். வெள்ளைக்காரன் நாட்டில் ஒரு மேல்படிப்புக்கும் அனுப்பினார்கள். மாமி மட்டும் ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் "மகள் கொழும்பில ரீச்சர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ படித்துக்கொண்டிருந்தாய், நான் கேட்டுத் திரிந்தேன். ஒவ்வொரு போகமும் படுவான்கரைக்கு வெட்டுக்குப் போகும்போது வீடு வீடாகக் கதை கொடுப்பேன். அந்த வருசம் பச்சைச் சாரன் வாங்கினீங்களா, வலை நூலால் மூட்டுற ஆள் ஆராவது இரிக்கிறாங்களா? என்னைப் பைத்தியம் என்று நினைத்தவர்களும் உண்டு. பைத்தியத்தை ஒருவரும் சந்தேகிப்பதில்லை, அது எனக்கு வசதி. சண்டை கொஞ்சம் ஓய்ந்த காலத்தில், வவுணதீவுக்கு உள்ளே ஒரு வீட்டில் ஒரு அம்மா, வலை நூலால் தலையணை தைத்துக்கொண்டிருந்தா. இடைக்கிடை முடிச்சு. மகன் எங்கே என்று கேட்டேன். டவுனுக்குப் போறன் என்று போனவன்தான் என்றா.

நீ அடுத்த கிழமையே வந்தாய். கடதாசியில் சுற்றிய அந்தத் துண்டை அந்த அம்மாவின் மடியில் வைத்தாய். அவ அதை விரலால் தடவினா, மூட்டு முடியும் வரைக்கும்.

"இது என்ட கை" என்றா.

நான் அழுதுவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். நீ அந்த அம்மாவின் முன்னால் குந்திக்கொண்டு, "எனக்கு இன்னும் தெரியா அம்மா" என்றாய்.

வரும் வழியில் உன்னோடு நான் சண்டை பிடித்தேன். "தாய் சொல்றா தன்ட கையெண்டு. நீ இவ்வளவு படிச்சும் தெரியா எண்டு சொல்றாய். இதுக்கா அந்தப் படிப்பு?"

நீ நின்றாய். "என்ட மாமியும் இப்பிடித்தான் சாரனப் பார்த்துத் தன்ட புள்ளையெண்டு அழுதவ. அந்தப் புள்ள இப்ப எனக்கு முன்னால நிண்டு கத்துது" என்றாய்.

வாழ்க்கையில் முதல் தடவை எனக்குப் பகிடி வரவில்லை.

நீதிபதியின் உத்தரவோடு என் குழியைத் தோண்டினார்கள். எலும்பும் அந்த அம்மாவின் இரத்தமும் கொழும்புக்குப் போயின. அந்தச் சோதனையை உன் கையால் செய்ய மாட்டேன் என்று சொல்லி, வேறொரு அதிகாரியிடம் கொடுத்துவிட்டாய். "எனக்கு இது அவனாத்தான் இரிக்கணும் எண்டு ஆசை. ஆசையுள்ள ஆள் தொடக்கூடா." மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்த அம்மா ஒவ்வொரு வெள்ளியும் துறையில் வந்து நின்று, நான் தோணியில் வருகிறேனா என்று பார்ப்பா. நான் கையை விரிப்பேன். அவ திரும்பிப் போவா.

மறுமொழி வந்த அன்று நீ கடிதம் போடவில்லை, ஆள் அனுப்பவில்லை. கொழும்பிலிருந்து பஸ் ஏறி நீயே வந்து, நேரே படுவான்கரைக்குப் போய் அவவிடம் சொன்னாய். அவன்தான் என்று.

எலும்பைத் திரும்ப அடக்கம் செய்த அன்று இரண்டு தாய்மாரும் வந்தார்கள். பலகையிலிருந்து என் பேர் போய், அவன் பேர் ஏறியது. அந்த அம்மா மண்ணில் இருந்துகொண்டு என் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டா.

"அண்டைக்குப் புதைக்கக்குள்ள ஆராவது அழுதாங்களா?"

"நான் அழுதன் கா" என்றாள் அம்மா. "என்ட புள்ளையெண்டுதான் அழுதன். குறைச்சு அழல்ல."

அந்த அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டா. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள், இந்த முறை சரியான பிள்ளைக்கு. மாமி பக்கத்தில் நின்ற பெண்களிடம், "இதச் சொன்னது என்ட மூத்தவள். கொழும்பில இந்த வேலதான் செய்யிறாள்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். துடக்கு என்ற சொல் அன்றைக்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை. நீ சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாய். காது சிவந்திருந்தது.

உன்னிடம் அதற்குப் பிறகு எத்தனையோ தாய்மார் வந்தார்கள். எல்லாருக்கும் மறுமொழி கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நோய் வருத்தம் வந்து படுத்த பிறகும் அந்தக் கணக்குத்தான் உன் தலைக்குள் ஓடியது.

இப்போது ஊரில் நான்தான் உன் ஒபிசின் கிளைக் கந்தோர். பிள்ளைகளை அந்தப் படிப்புக்கு விட நினைக்கிற தாய் தகப்பனை ஊரார், "அவரிட்டக் கேளுங்க, அவருக்கு மனப்பாடம்" என்று என்னிடம் அனுப்புகிறார்கள். நானும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்வேன். ஓ.எல்.லில் கணக்கும் விஞ்ஞானமும் திறமாக வர வேண்டும். ஏ.எல்.லில் இரசாயனத்தை விடக்கூடாது. கெம்பஸில் இரசாயனமோ உயிரியலோ சிறப்பாகச் செய்ய வேண்டும். டொக்டராகியும் போகலாம், ஆனால் அது உடம்பைப் பார்க்கிற வழி, உடம்போடு வந்ததைப் பார்க்கிற வழி வேறு. பிறகு விண்ணப்பம், நேர்முகம், உள்ளே போய்ப் பழக்கம், மேல்படிப்பு. மூன்று பாஷை. ஐந்தாம் வகுப்புக்காரன் இதைச் சொல்லக் கேட்டு அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்க்க எனக்கு இருக்கிற பெருமை, உனக்கு அந்த வெள்ளைக்காரப் பட்டம் கிடைத்தபோதுகூட இருந்திராது.

போன மாதம் களுதாவளையிலிருந்து ஒரு தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சொன்னதையெல்லாம் அந்தப் பிள்ளை கவனமாகக் கேட்டது. போகிற நேரம் திரும்பி நின்று, "அங்கிள், அவ எல்லாரையும் கண்டுபிடிச்சாவா?" என்று கேட்டது.

பகிடியாக ஏதாவது சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"இல்ல மகள். தெரியாத இடத்தில தெரியா எண்டு எழுதிக் கையெழுத்து வச்சா. தாய் முன்னால நிண்டு அழக்குள்ள அத எழுத ஏலணும். அதுக்குத்தான் அவ்வளவு படிப்பும்."